நடைப்பயண அடுப்பு: ஒரு வரலாறு

நடைப்பயண அடுப்பு என்பது முதுகுப்பையுடன் பல நாள்கள் நடப்பவர்கள் சுமந்து செல்லும் சிறிய சமையல் அடுப்பாகும். குழுவாகச் செல்வோர் சுமையைப் பகிர்ந்துகொள்வர். தனியாகச் செல்பவரோ அடுப்பு, எரிபொருள், பாத்திரம் ஆகிய மூன்றையும் தாமே சுமக்க வேண்டும். எனவே எடை முதன்மையான கேள்வியாகிறது.

பிரைமஸ் அடுப்பு

சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் புகையில்லா மண்ணெண்ணெய் அடுப்பை உருவாக்கினார். தமிழ்நாட்டு வீடுகளில் ‘பம்ப் ஸ்டவ்’ என வழங்கியது இவ்வகையே. காற்றழுத்தத்தால் மேலேறும் எண்ணெய், சூடான குழாயில் ஆவியாகி நீலச் சுடராக எரியும். திரி இல்லை, கரியும் படியாது. நார்வே நாட்டு நான்சென் 1895-இல் ஒரே ஒரு துணைவருடன் வடதுருவம் நோக்கிச் சென்றபோது இவ்வடுப்பைக் கொண்டு சென்றார். அவருடைய சமையற்கலம், உணவு வேகும்போது வீணாகும் வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டியையும் உருக்கியது.

எரிபொருளும் உயிரும்

1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய இராபர்ட் ஸ்காட் குழுவினர், வழியில் சேமித்து வைத்த தகரங்களில் மண்ணெண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டனர். மூடிகளின் தோல் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக அடைக்காததே காரணம் எனக் கருதப்படுகிறது. பனியில் எரிபொருள் குறைந்தால் குடிநீரும் குறையும். பசி, குளிர், நோய் ஆகியவையும் சேர, எஞ்சிய மூவரும் அடுத்த கிடங்குக்குச் சுமார் 20 கி.மீ. முன்பே இறந்தனர். அவர்களுக்கு முன் துருவத்தை அடைந்த அமுண்ட்சென், தம் தகரங்களைப் பற்றாசு வைத்து அடைத்திருந்தார்.

அடுப்பில்லாப் பயணம்

1955-இல் 67 வயதான எம்மா கேட்வுட், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் சுமார் 3,300 கி.மீ. தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். அவர் அடுப்பே கொண்டு செல்லவில்லை. உலர்திராட்சை, கொட்டைப் பருப்புகள், டின் இறைச்சி ஆகியவற்றை உண்டார். வழியோர மக்களும் உணவளித்தனர். பின்னாளில் நெடும்பாதை நடையர்கள், காலியான குளிர்பான டின்களை வெட்டி ஸ்பிரிட் அடுப்பு செய்துகொண்டனர். அதன் எடை சில கிராம்களே.

தேர்வு

எடை குறைந்த அடுப்பு எப்போதும் குறைந்த சுமை ஆகாது. ஒரு கிலோ மண்ணெண்ணெய் சுமார் 43 மெகாஜூல் வெப்பம் தரும். எத்தனால் சுமார் 27 மெகாஜூல் மட்டுமே தரும். ஆகவே இரண்டு மூன்று நாள் பயணத்திற்கு ஸ்பிரிட் அடுப்பு பொருந்தும். பனியை உருக்க வேண்டிய நீண்ட பயணத்தில் எரிபொருளின் எடையே மிஞ்சும். எரிவாயு எளிது, ஆனால் பியூட்டேன் உறைநிலைக்குக் கீழே ஆவியாவதில்லை என்பதால், குளிரிடங்களுக்குரிய புட்டிகளில் புரோப்பேன் கலக்கப்படுகிறது.

எந்த அடுப்பாயினும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தனியாக இருப்பவர் மயங்கினால் எழுப்ப ஆளுமில்லை.