பாதுஷா விழுந்த ஆண்டு

தில்லியின் புராணா கிலாவுக்குள் நிற்கும் ஷேர் மண்டல் என்னும் எண்கோண மண்டபத்தின் படிகளில் முகலாயப் பேரரசர் ஹுமாயூன் தவறி விழுந்து 1556 ஜனவரியில் உயிரிழந்தபோது, ஹுமாயூன் பாதுஷா கூரையிலிருந்து விழுந்தார் என்று பொருள்படும் பாரசீக வாக்கியம் ஒன்று எழுந்தது. அதன் எழுத்துகளை எண்களாக்கிக் கூட்டினால் அவர் இறந்த ஹிஜ்ரி ஆண்டு கிடைக்க வேண்டும் என்பது அதை இயற்றியவரின் நோக்கம். இவ்வகை எழுத்துக் கணக்குக்குத் 'தாரீக்' என்று பெயர். தேதியையும் வரலாற்றையும் ஒருசேரக் குறிக்கும் சொல் அது.

எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் பொதுவாக இருந்த திறவுகோல், அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 1000 வரை நிலையான மதிப்பு தரும் அப்ஜத் முறையாகும். ஹுமாயூன் என்ற பெயரில் ஹே 5, மீம் 40, அலிஃப் 1, யே 10, வாவ் 6, நூன் 50 சேர்ந்து 112, பாதுஷாவுக்கு 313, 'கூரையிலிருந்து' என்பதற்கான இரு சொற்களுக்கு 51, 'விழுந்தார்' என்பதற்கு 486, ஆக மொத்தம் 962. ஆனால் ஹிஜ்ரி 963 முந்தைய நவம்பரிலேயே பிறந்துவிட்டதால் கணக்கில் ஓராண்டு குறைகிறது; இவ்வளவு இயல்பாக வந்து விழுந்த வாக்கியத்தை ஒற்றை எண்ணுக்காகக் கைவிட இயற்றியவருக்கு மனம் வரவில்லை போலும். இத்தகைய குறையைச் சரிக்கட்ட, எவ்வளவு கூட்டவோ கழிக்கவோ வேண்டும் என்பதைச் செய்யுளுக்குள்ளேயே பூடகமாகச் சொல்லும் 'தஃமியா' என்ற உத்தியும் அம்மரபில் உண்டு. கர்நாடக இசையின் 15ஆம் மேளத்துக்கு, எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைப்படி எண் பொருந்தும்பொருட்டு மாளவகௌளையின் முன்னால் 'மாயா' ஒட்டிக்கொண்டதும் ஏறக்குறைய இதே கதைதான்.

பொதுவான திறவுகோல் இருந்தும் திரும்பும் வழி தவறிவிடலாம் என்பதைக் கணினியிலும் காணலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் தேதியை எழுத்தாக்கும் ஸ்ட்ரெஃப்டைம், எழுத்திலிருந்து தேதியை மீட்கும் ஸ்ட்ரெப்டைம் ஆகிய இரு செயற்கூறுகளும், நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் எப்படி வரும் என்பதைக் குறிக்கும் ஒரே வடிவச்சரத்தை ஏற்கின்றன. ஆயினும் ஆண்டை ஈரிலக்கமாக எழுதும் குறியைக் கொடுத்தால் 1956 வெறும் '56' ஆகி, 69க்குக் கீழ்ப்பட்ட எண்களை 2000த்தோடு கூட்டிக்கொள்ளும் விதிப்படி, மீளும்போது 2056 ஆகிவிடுகிறது.

அப்ஜத்திலும், வாக்கியத்திலிருந்து எண் ஐயமின்றிக் கிடைக்கும். எண்ணிலிருந்து வாக்கியம் கிடைக்காது. தமிழகத்து லாரிகளின் நெற்றியில் காணும் 786, பிஸ்மில்லாத் தொடரின் அப்ஜத் கூட்டுத்தொகை. அதே தொகை தரும் சொற்கோவைகளை வேறு எத்தனையோ அமைக்கலாம் என்றிருக்க, காண்பவர் அதைப் பிஸ்மில்லா என்றே படிப்பது, அத்தொடரை அவர் முன்பே அறிந்திருப்பதால்தான்.