தொலைந்து போன ஒரு கல்யாணப் பத்திரம்

இங்கிலாந்தில் கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தியவர்களைத் தேடிப் போகிறவர்கள் முதலில் புரட்டுவது தேவாலயப் பதிவேடுகளைத்தான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லி 1538-லேயே உத்தரவு வந்துவிட்டது. அப்படியும் 27 வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் திருமணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவர் பெயர் கேத்தரின் கிரே.

ஒன்பது நாள் ராணி என்பார்களே லேடி ஜேன் கிரே, அவருடைய தங்கை இவர். எட்டாம் ஹென்றியின் உயில்படி, முதலாம் எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பு இவருக்குத்தான். அப்படிப்பட்டவர் ராணிக்குத் தெரியாமல் கல்யாணம் செய்யலாமா? செய்தார்!

1560 டிசம்பரில் ராணி வேட்டைக்குக் கிளம்ப, பல்வலி என்று சொல்லிப் பின்தங்கிவிட்டார் கேத்தரின். தேம்ஸ் கரையோரம் நடந்தே ஹெர்ட்ஃபோர்ட் பிரபு எட்வர்ட் சீமோரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பாதிரியாரை அழைத்து வந்தது மாப்பிள்ளையின் சகோதரி ஜேன். சாட்சியும் அவர் ஒருவரே. பாதிரியாரின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

1561 மார்ச்சில் ஜேன் இறந்துபோனார். அந்த வருடமே கணவர் பிரான்சுக்குப் போனார். அவர் சொத்து எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கேத்தரின் எங்கோ தொலைத்துவிட்டார். விஷயம் வெளிவந்ததும் இருவரும் லண்டன் டவரில் அடைக்கப்பட்டார்கள். செப்டம்பரில் மூத்த மகன் எட்வர்ட் அங்கேதான் பிறந்தான்.

வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? 1562-ல் விசாரணைக் குழு திருமணமே செல்லாது என்றது. காவலர்கள் இரக்கப்பட்டு ரகசியமாகச் சந்திக்க விட்டதில் 1563-ல் இரண்டாவது மகனும் டவரிலேயே பிறந்தான் (ராணிக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்!). அதே வருடம் தம்பதியைப் பிரித்தார்கள். 1568 ஜனவரியில் சஃபோக்கில் காவலிலேயே கேத்தரின் இறந்தார். 1603-ல் பட்டம் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸுக்குப் போனது.

கேத்தரினின் சந்ததியை ஆண் வழியில் மட்டும் தேடினால் 1750-ல் முடிந்துவிடும். பெண் வழியைப் பிடித்தால்தான் நூல் கிடைக்கும். மூத்த மகன் எட்வர்டின் மகன் வில்லியம், வில்லியமின் மகள் ஜேன், அங்கிருந்து பாயில் குடும்பம், கேவண்டிஷ், பென்டிங்க் என்று இறங்கி இரண்டாம் எலிசபெத்தின் தாயாரிடம் வந்து சேர்கிறது. 2022-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் சார்லஸ், கேத்தரினிலிருந்து 13-வது தலைமுறை.

கணவர் ஹெர்ட்ஃபோர்ட் 1621 வரை இருந்தார். அவர் இறந்ததும் பேரன் வில்லியம், சஃபோக்கில் கிடந்த பாட்டியின் உடலை எடுத்து வந்து சாலிஸ்பரி பேராலயத்தில் தாத்தாவின் பக்கத்தில் அடக்கம் செய்தார். கேத்தரின் அங்கே மனைவியாகவே இருக்கிறார்.