நிகண்டும் ஆங்கிலச் சொல்வளமும்: ஒருபொருட் சொல், எதிர்ச்சொல் வழியாகச் சொல் பயின்ற வரலாறு

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் மூன்று வினாக்கள் ஒருபொருட் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவை. அடுத்த மூன்றும் எதிர்ச்சொல்லைக் கேட்பவை. 100 மதிப்பெண்ணில் இவற்றுக்கு உரியது 6 மட்டுமே. ஆயினும் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மாணவர் மிகுதியாக மனப்பாடம் செய்வது இந்தச் சொற்பட்டியல்களைத்தான். கள்ளக்குறிச்சி நகரப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கும், கல்வராயன் மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும் வினாத்தாள் ஒன்றே.

சொற்களை இவ்வாறு இனம் சேர்த்துப் படிக்கும் முறை ஆங்கிலக் கல்வியோடு வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தமிழர் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்ட முறை இது. அந்த வரலாற்றையும், பிறமொழி கற்பதற்கு அம்முறை எவ்வளவு உதவும், எங்கே உதவாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொல்காப்பியத்தில் திரிசொல்

தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் திரிசொல் இரு வகைப்படும். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒரு வகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. கற்றவர்க்கே விளங்கும் சொற்கள் திரிசொற்கள். ஆங்கிலத்தில் 'உயர்நிலைச் சொல்வளம்' என்று இன்று சொல்லப்படுவதற்குத் தமிழ் இலக்கணம் கொடுத்த பெயர் இதுவே எனலாம். சொல்லதிகாரத்தின் உரியியல் அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதியாக அமைந்துள்ளது. பின்வந்த நிகண்டு நூல்களுக்கு அதுவே வித்து.

நிகண்டு நூல்கள்

நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளுள் பழமையானது திவாகரம். அம்பர் என்னும் ஊரின் தலைவன் சேந்தன் ஆதரவில் திவாகர முனிவர் இயற்றியதால் இது 'சேந்தன் திவாகரம்' எனவும் பெயர் பெற்றது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருள் வகையால் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது இந்நூல். இதன்பின் பிங்கலம் எழுந்தது.

மாணவரிடையே மிகுதியும் பரவியது மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு. இவர் சமணர், 16ஆம் நூற்றாண்டினர் என்பது பலர் கருத்து. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், திண்டிவனத்தை அடுத்துள்ள சமணத் தலமான பெருமண்டூரோடு தொடர்புடையவர் எனக் கருதப்படுகிறார். திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. சூடாமணியோ விருத்தப்பாவால் ஆனது. ஓசையோடு பாட முடிந்ததால் சிறுவர் மனத்தில் எளிதில் பதிந்தது. இதன் முதல் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சொல்கின்றன. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை வரிசையில் தருகிறது. பன்னிரண்டாம் தொகுதி முக்கனி, அறுசுவை போன்ற தொகைப் பெயர்களை விளக்குகிறது. திண்ணைப் பள்ளிகளில் அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றைக் கடந்த மாணவர் நிகண்டு கற்றனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சூடாமணி நிகண்டை உரையுடன் சென்னையில் அச்சிட்டார்.

நிகண்டு கற்ற ஒருவர் மலை என்றதும் வெற்பு, பொருப்பு, சிலம்பு, வரை, குன்று, ஓங்கல், அடுக்கல், கிரி என அடுக்குவார். கோ என்றதும் அரசன், பசு, வானம், அம்பு எனப் பல பொருள் சொல்வார். கல்வராயன் மலையில் பிறந்து கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கும் கோமுகி ஆற்றின் பெயரில் பசுவைக் குறிக்கும் 'கோ' நிற்பதை அவர் உடனே கண்டுகொள்வார்.

எதிர்ச்சொல்லுக்கு நிகண்டில் தனித் தொகுதி இல்லை. அந்தப் பயிற்சியை யாப்பிலக்கணம் தந்தது. சொல்லோ பொருளோ ஒன்றற்கொன்று மாறுபட வருமாறு தொடுப்பது முரண்தொடை. வெண்மைக்குக் கருமை, இனிமைக்குக் கசப்பு என இணை தேடிச் செய்யுள் கட்டிய மாணவர் எதிர்ச்சொற்களைப் பட்டியல் இல்லாமலே பயின்றனர்.

சீனத்திலும் வடமொழியிலும்

இம்முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீனரின் மிகப் பழைய சொல்நூலான 'எர்யா' கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் உருவானது. இன்று கிடைக்கும் நூலில் 19 பிரிவுகள் உள்ளன. முதல் மூன்றும் பொதுச்சொற்களை ஒருபொருட் சொற்களாகத் திரட்டுகின்றன. ஏனையவை உறவுமுறை, கட்டடம், இசை, வானம், குன்று, மலை, நீர், மரம், பூச்சி, மீன், பறவை எனப் பொருள் வகையால் செல்கின்றன. திவாகரத்தின் தொகுதிகளை அறிந்தவர்க்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது.

சீனச் சிறுவரும் முரண்தொடை போன்றதொரு பயிற்சி பெற்றனர். ஆசிரியர் வானம் என்றால் மாணவர் நிலம் என்று இணை சொல்ல வேண்டும். எதிர்ச்சொற்களை இணைத்துப் புதுச்சொல் ஆக்குவதும் சீனத்தில் இயல்பு. பெரிது என்பதற்கும் சிறிது என்பதற்கும் உரிய சொற்களைச் சேர்த்தால் 'அளவு' என்று பொருள்படும். தமிழிலும் ஏற்றத்தாழ்வு, கொடுக்கல்வாங்கல், மேடுபள்ளம் போன்ற சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வாறு ஆக்குவது அரிது. ஆகவே ஆங்கிலம் கற்கும் சீனரும் தமிழரும் எதிர்ச்சொல் இணைகளை எளிதாக ஏற்றுக்கொண்டாலும், அவற்றைத் தம் மொழியின் போக்கில் ஆள முடிவதில்லை.

வடமொழியில் அமரசிம்மரின் அமரகோசம் இத்துறையில் புகழ்பெற்றது. இதனைக் கோல்புரூக் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1808இல் செராம்பூரில் அச்சாயிற்று.

ஆங்கிலத்தில் ரோஜே

ஆங்கிலத்தில் இத்துறையின் பெருநூல் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல், தம் 73ஆம் வயதில் வெளியிட்ட 'தெசாரஸ்'. இவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை; ஆறு பெரும்பிரிவுகளில் 1000 தலைப்புகளாகப் பொருள் வகையால் அடுக்கினார். எதிர்க்கருத்துடைய சொற்கள் அருகருகே தெரியும்படி இரண்டு பத்திகளில் அச்சிட்டார். தமக்கு முன் இத்தகைய முயற்சி செய்தவர்களைச் சொல்லும்போது, முதலாவதாக அமரகோசத்தையும் அதன் செராம்பூர் மொழிபெயர்ப்பையும் ரோஜே தம் முன்னுரையின் அடிக்குறிப்பில் குறிப்பிடுகிறார். எதிர்ச்சொல்லைக் குறிக்கும் 'அன்டோனிம்' என்ற சொல் 1867இல் சார்லஸ் ஜான் ஸ்மித் வெளியிட்ட நூலின் தலைப்பில் இடம்பெற்று வழக்கிற்கு வந்தது.

ஆகவே இன்றைய மாணவர் ஆங்கில வினாத்தாளில் காணும் இப்பயிற்சியின் முன்னோடிகளுள் ஒன்று இந்திய நிகண்டு மரபு.

அயலார் தமிழ் கற்றதும் தமிழர் ஆங்கிலம் கற்றதும்

நிகண்டை அகராதியாக மாற்றும் முயற்சி தமிழிலேயே தொடங்கிவிட்டது. சிதம்பரம் இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் தந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை ஆக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்ற அதன் நான்கு பகுதிகளும் நிகண்டின் பணிகளைப் பிரித்துத் தருபவை. ஒருபொருட் சொற்களைத் தருவது பொருளகராதி. அயல்மொழியாளர் ஒருவர் தமிழ்ச் சொல்வளம் பெற நாடியது நிகண்டு முறையையே என்பதை இந்நூல் காட்டும். ஆங்கிலேய அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்கச் சென்னையில் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. சதுரகராதி 1824இல் அச்சேறியது.

பின்னர் திசை மாறியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் ஆங்கிலம் வேலைக்கும் உயர்கல்விக்கும் வாயிலாயிற்று. 1862இல் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. 1960களில் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. வீடுகளில் புழங்கியது லிப்கோ அகராதி. சொல்லுக்கு ஆங்கிலப் பொருளும் தமிழ்ப் பொருளும் ஒருங்கே தந்ததால், மாணவர் பலர்க்கு ஆங்கில ஒருபொருட் சொல் முதன்முதலில் அங்கேதான் அறிமுகமாயிற்று.

நிகண்டு முறையின் எல்லை

நிகண்டு கற்றவரின் நோக்கம் செய்யுள் இயற்றலும் செய்யுளுக்குப் பொருள் காணலும். அவருக்குத் தமிழ் தாய்மொழி; வெற்பு என்பதை எங்கே ஆளலாம் என்பது காதில் முன்பே இருந்தது. பிறமொழி கற்பவர்க்கு அந்தத் துணை இல்லை. 'ஹவுஸ்', 'ஹோம்' இரண்டுக்கும் வீடு என்று பொருள் எழுதிக்கொண்டவர், ஒன்று கட்டடத்தையும் மற்றது வாழிடத்தையும் சுட்டுவதை வாக்கியத்தில் பார்த்தே அறிய வேண்டும். வினவுதலைக் குறிக்கும் 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல்; 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது; 'இன்டராகேட்' இலத்தீன் வழியது. முதலாவதை நண்பரிடம் ஆளலாம். மூன்றாவது காவல்துறை விசாரணைக்கு உரியது. இயற்சொல்லையும் திரிசொல்லையும் பிரித்தறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது கடினமன்று.

எதிர்ச்சொல்லிலும் இடர்கள் உண்டு. 'லைட்' என்பதன் எதிர்ச்சொல், ஒளியைக் குறித்தால் 'டார்க்'. எடையைக் குறித்தால் 'ஹெவி'. 'இன்' என்ற முன்னொட்டு எப்போதும் எதிர்மறை ஆகாது. 'வேல்யுவபிள்' மதிப்புள்ளது என்றால், 'இன்வேல்யுவபிள்' மதிப்பிடவே இயலாத அளவு உயர்ந்தது. நீதி–அநீதி என்ற பழக்கத்தில் வருபவர் இங்கே தவறுவர்.

1993இல் டிங்கம் என்ற ஆய்வாளர், ஒரே இனத்தைச் சேர்ந்த புதுச்சொற்களை ஒரே வேளையில் கற்பது தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிடக் கடினம் என்று காட்டினார். நியூசிலாந்தின் பால் நேஷனும் இதையே வலியுறுத்தி, ஓர் இணையில் ஒரு சொல் நன்கு பதிந்தபின் மற்றதைக் கற்பிப்பது நலம் என்றார். நிகண்டு கற்ற மாணவர் மலை என்ற சொல்லை அறிந்தபின்னரே வெற்பைக் கற்றார். இன்றைய பட்டியலோ தெரியாத சொல்லுக்குத் தெரியாத சொல்லையே பொருளாகத் தருகிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் கற்போர் நிலை வேறு.

கல்வராயன் மலையில்

கள்ளக்குறிச்சி வட்டாரம் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் இதில் அடங்கும். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள மக்களைக் குறிக்கும் பெயரும் இதுவே என்றாலும், இங்கு மலையில் வாழ்வோர் என்றே பொருள். நிகண்டின் 'ஒருசொல் பல்பொருள்' என்பதற்கு இஃது ஒரு நடைமுறைச் சான்று. இவர்கள் பேசுவது தமிழின் ஒரு கிளைவழக்கு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களது வாய்மொழி மரபு. இம்மலை நீண்டகாலம் ஜாகீர்தார்கள் ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. சமவெளியில் ஆங்கிலக் கல்வி நூறாண்டைக் கடந்த பின்னரே மலையில் பள்ளிக்கல்வி பரவலாயிற்று.

இம்மாணவர்க்கு மொழிப்படிகள் மூன்று: வீட்டு வழக்கு, பாடநூல் தமிழ், ஆங்கிலம். ஆங்கிலச் சொல்லுக்குத் தரப்படும் தமிழ்ப் பொருளே சிலவேளை அவர்களுக்குப் புதுச்சொல்லாக இருக்கும். 'அபண்டன்ட்' என்றால் ஏராளம் என எழுதிப்போட்டால், ஏராளம் என்பதையும் சேர்த்தே விளக்க வேண்டும். ஆனால் இந்நிலையிலேயே ஒரு வாய்ப்பும் உண்டு. வீட்டுச் சொல் ஒன்று, பாடநூற் சொல் ஒன்று என ஒரே பொருளுக்கு இரு சொற்களை அவர்கள் நாள்தோறும் இடமறிந்து ஆள்கின்றனர். ஒருபொருட் சொற்கள் இடத்துக்கேற்ப வேறுபடும் என்ற பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். காடு, மலை, ஓடை, தேன், தினை பற்றிய அவர்களது சொற்களை முதலில் கரும்பலகையில் எழுதி, அவற்றுக்குரிய பாடநூற் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒரு வாக்கியத்தோடு சேர்ப்பது நிகண்டு முறைக்கும் இன்றைய ஆய்வுக்கும் பொருந்தும் வழி.

திவாகரம் முதல் ரோஜே வரை இத்துறை நூல்கள் அனைத்தும், தெரிந்த பொருளிலிருந்து தெரியாத சொல்லுக்குக் கற்போரை அழைத்துச் சென்றன. ஆறு மதிப்பெண்ணுக்காகப் பட்டியல் மனப்பாடம் செய்யும் மாணவர்க்கும் அந்த வரிசையில் சொல் கற்பித்தால், தேர்வு முடிந்தபின்னும் அச்சொற்கள் அவர்களிடம் நிற்கும்.