காற்றின் மதகு

பிளாஸ்ட் கேட் என்ற பெயரை முதல்முறை கேட்கிறவர்கள் வெடிகுண்டு சம்பந்தப்பட்ட ஏதோ என்றுதான் நினைப்பார்கள். பொருளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு குழாய்த் துண்டு, அதன் குறுக்கே ஒரு தகடு. இழுத்தால் குழாய் திறக்கும், தள்ளினால் மூடும். அவ்வளவுதான். மரப்பட்டறையில் ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் தூசியை உறிஞ்சிக்கொண்டு போகிற குழாயில் ஒன்று வீதம் மாட்டியிருப்பார்கள். வாய்க்காலில் மதகுப் பலகை செய்கிற அதே வேலை. தண்ணீருக்குப் பதில் காற்று.

நண்பர் ஒருவர் தன் பட்டறைக்கு இதில் எதை வாங்கலாம் என்று கேட்டார். அலுமினியமா பிளாஸ்டிக்கா, 4 அங்குலமா 6 அங்குலமா, கையால் இழுப்பதா மோட்டாரில் ஓடுவதா. பதில் தேடப் போனவன் அமெரிக்காவின் ஒரு செருப்புத் தொழிலாளியிடமும், இங்கிலாந்தின் ஒரு நாற்காலி ஊரிலும் போய் நின்றேன். கடையில் கிடைக்கிற கேட்டுகளின் அளவும் அமைப்பும் ஏன் இப்படி இருக்கின்றன என்பது அந்தக் கதை தெரியாமல் புரியாது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பள்ளிக்கூடத்தில் ஊதுலை என்று படித்திருப்போம், பிளாஸ்ட் ஃபர்னஸ். அந்த பிளாஸ்ட்தான் இது. வெடிப்பு இல்லை, ஊதல். 19ஆம் நூற்றாண்டின் பெரிய கொல்லுப்பட்டறைகளில் உலைக்கு ஒரு துருத்தி வைப்பதற்குப் பதிலாக, ஒரே பெரிய விசிறியிலிருந்து குழாய் வழியாக எல்லா உலைகளுக்கும் காற்று அனுப்பினார்கள். தன் உலைக்கு எவ்வளவு காற்று என்பதைக் கொல்லர் தன் பக்கத்துத் தகட்டை நகர்த்தி முடிவு செய்துகொண்டார். அதே தகடு தூசி உறிஞ்சும் குழாய்க்கும் வந்து சேர்ந்தது. காற்றின் திசை தலைகீழாகிவிட்டது, பெயர் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கிறது.

இப்படி ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் விசிறி செய்து விற்றவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்டிவன்ட். 1833இல் மெயின் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். செருப்புத் தொழில். அந்தக் காலத்தில் காலணியின் அடிப்பாகத்தை மேல்தோலோடு சேர்க்கச் சின்னச் சின்ன மர ஆணிகளை அடிப்பார்கள். ஒரு மரக்கட்டையை நாடா மாதிரி தொடர்ச்சியாகச் சீவி எடுத்து, அந்த நாடாவிலிருந்து ஆணிகளை வெட்ட வழி கண்டுபிடித்தார் இவர். அதன்பிறகு காலணித் தொழிற்சாலைகளில் தோலைத் தேய்க்கும் இயந்திரங்களிலிருந்து கிளம்பிய தூசி அவர் கண்ணை உறுத்தியது. அதை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு சுழல்விசிறி செய்தார். 1860களின் கதை இது. 1878இல் பாஸ்டனை ஒட்டிய ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் விசிறிகளுக்கென்றே பெரிய தொழிற்சாலை கட்டிவிட்டார். தோல் தூசிக்காகச் செய்த விசிறி கொல்லுலைக்கும், வார்ப்பாலைக்கும், கட்டடங்களின் காற்றோட்டத்துக்கும் போனது. மர மில்லுக்கும் போனது.

மர மில்காரர்கள் அதை வாங்கியதற்குக் காரணம் தொழிலாளியின் மூச்சு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இழைப்பு இயந்திரம் ஓடும் வேகத்துக்கு ஒரு மணி நேரத்தில் தரை முழுக்கச் சீவல் குவிந்துவிடும். அள்ள ஆள் வேண்டும், அள்ளாவிட்டால் தீ பிடிக்கும். இன்னொரு பக்கம், மில்லை ஓட்டிய நீராவி எஞ்சினின் பாய்லருக்கு எரிபொருள் வேண்டும். சீவலை விசிறியால் உறிஞ்சி நேராக பாய்லர் அறைக்கு அனுப்பிவிட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. இந்தக் கணக்கு யாருக்கும் கசக்காது. என் எண்ணத்தில், இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் ஊனமும் இங்கேதான் உண்டாகின்றன. கண்ணுக்குத் தெரிகிற, எரிக்க முடிகிற சீவலுக்காக வடிவமைக்கப்பட்டது அது. கண்ணுக்குத் தெரியாத தூள் யார் கணக்கிலும் இல்லை.

சைக்ளோனும் அப்படித்தான் வந்தது. 1878 மே 2ஆம் தேதி மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் ஏ மாவு மில், காற்றில் பறந்த மாவுத்தூசி தீப்பற்றி வெடித்தது. 18 பேர் செத்தார்கள். மாவு மில்களில் தூசியைப் பிடிக்கும் கருவிகள் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. 1880களில் கூம்பு வடிவத் தகரக்கலன் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. தூசிக்காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும். கனமானது சுவரில் மோதிக் கீழே இறங்கும். காற்று நடுவழியாக மேலே போய்விடும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. மர மில்களின் கூரையிலும் அது ஏறி உட்கார்ந்தது. சீவலை அருமையாகப் பிரித்துக் கொடுத்தது. மாவைவிட மெல்லிய தூள் காற்றோடு காற்றாக வெளியே போனது. யாரும் கவலைப்படவில்லை.

இதில் கேட்டுக்கு என்ன வேலை? ஒரு பட்டறையில் பத்து இயந்திரங்கள் இருந்தாலும் ஒரே நேரத்தில் ஓடுவது இரண்டோ மூன்றோதான். பத்துக்கும் சேர்த்து உறிஞ்சுகிற விசிறி வாங்கினால் மின்கட்டணம் தின்றுவிடும். ஆகவே ஓடாத இயந்திரங்களின் வாயை மூடிவிட்டு, இருக்கிற காற்றை ஓடுவதற்குக் கொடுக்க வேண்டும். முறைப்பாசனம்தான். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் தலைமடைக்காரர் தன் மடையை அடைத்தாக வேண்டும்.

ஆனா காற்றில் ஒரு சூட்சுமம் கூடுதல். சீவல் குழாயில் படியாமல் மிதந்து போக வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் வேண்டும். 4 அங்குலக் குழாயில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்று போதும். அதே காற்று 8 அங்குலப் பெருங்குழாய்க்குள் போய்ச் சேரும்போது பரப்பு நான்கு மடங்கு, வேகம் கால்பங்கு. வினாடிக்கு 5 மீட்டர். அதில் சீவல் நகராது, படியும். அதனால் ஒரே ஒரு சின்ன இயந்திரத்தை ஓட்டும்போது, ஓடாத இன்னொன்றின் கேட்டையும் வேண்டுமென்றே திறந்து வைப்பது உண்டு. பார்க்கிறவர்களுக்குக் கவனக்குறைவு போலத் தெரியும். உண்மையில் பெருங்குழாயின் வேகத்தைக் காப்பாற்றுகிறார்கள். குழாயில் படிந்த தூள் சும்மா கிடக்காது, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

இனி அந்த நாற்காலி ஊர். லண்டனுக்கு வடமேற்கே, சில்ட்டர்ன் குன்றுகளின் பீச் மரக்காடுகளை ஒட்டி இருக்கிறது ஹை விக்கம்ப். விண்ட்சர் நாற்காலிக்குப் பேர்போன இடம். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே நாற்காலிப் பையன்கள் என்றுதான் செல்லப்பெயர். ஒரு காலத்தில் பாட்ஜர் எனப்பட்ட கைவினைஞர்கள் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, வெட்டிய ஈரம் காயாத பீச் மரத்தைக் காலால் மிதித்து இயக்கும் கடைசலில் கடைந்து நாற்காலிக் கால்களைச் செய்தார்கள். பச்சை மரம் கடைசலில் சுருள் சுருளாக உரியும். தூசியாகப் பறக்காது. ஊருக்குள் தொழிற்சாலைகள் பெருகி, காய்ந்த மரத்தை இயந்திர ரம்பமும் உப்புத்தாள் சுற்றிய உருளைகளும் தேய்க்கத் தொடங்கியபோது மரம் மாவாகப் பறந்தது.

அந்த ஊர் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை நிபுணராக இருந்தவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட். மூக்கின் உள்ளறைகளிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் ஒருவகைப் புற்றுநோய், அடினோகார்சினோமா, பொதுமக்களிடம் மிக மிக அபூர்வம். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம். ஹாட்ஃபீல்டிடம் அது திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்கள் நாற்காலி, மேசை செய்கிறவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ரொனால்ட் மேக்பெத்தும் இதையே கவனித்து 1965இல் எழுதினார். பிறகு டொனால்ட் அச்சிசன், கௌடெல், ஹாட்ஃபீல்ட், மேக்பெத் நால்வரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மரச்சாமான் தொழிலாளிகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பலநூறு மடங்கு. தூசிக்கும் நோய்க்கும் இடையே சராசரியாக 40 வருட இடைவெளி.

அந்த 40 வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1960களில் மருத்துவர் முன்னால் மூக்கடைப்பு என்று வந்து உட்கார்ந்தவர், 1920களில் பதினான்கு பதினைந்து வயதில் பட்டறைக்குப் போன பையனாக இருந்திருப்பார். பாய்லருக்குச் சீவல் போய்க்கொண்டிருந்த காலம். அவர் சுவாசித்த தூள் யாருக்கும் எரிபொருளாகக்கூடப் பயன்படவில்லை.

1970இல் அச்சிசன் குழு இன்னோர் ஆய்வை வெளியிட்டது. நார்த்தாம்ப்டன்ஷயர். அங்கே தொழில் மரம் இல்லை, பூட்ஸும் காலணியும். தோலை வெட்டித் தேய்க்கும் தூசியில் வேலை செய்தவர்களுக்கும் மூக்குப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. ஸ்டர்டிவன்ட் நூறு வருடம் முன்னால் எந்தத் தூசிக்காக விசிறியைச் சுழற்றினாரோ, அதே தொழிலின் தூசி. வழி கையில் இருந்தது. நோய் இருக்கிறது என்று தெரிவதற்குத்தான் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பிறகு சட்டங்கள் மெதுவாக வந்தன. பிரிட்டன் 1969இல் இதைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்தது. அமெரிக்காவில் நடந்தது தனிக் கூத்து. 1989இல் தொழிற்பாதுகாப்பு அமைப்பு நூற்றுக்கணக்கான பொருள்களோடு மரத்தூசிக்கும் சேர்த்து ஒரு வரம்பு விதித்தது, கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி முழுவதையும் ரத்து செய்துவிட்டது. மரத்தூசிக்கென்று தனி வரம்பு போய், ஏதோ ஒரு தூசி என்ற பொது வரம்புக்கே திரும்பினார்கள். பிரிட்டனில் இன்று கடின மரத்துக்கு 3 மில்லிகிராம். மூன்று மில்லிகிராம் என்பது சில உப்புக்கல் எடைகூட இருக்காது. ஒரு கன மீட்டர் காற்றில் அவ்வளவு.

இந்தக் கணக்கோடு திரும்பி வந்து கடையில் கிடைக்கிற கேட்டுகளைப் பார்த்தால், எது முக்கியம் எது அலங்காரம் என்று தானாகத் தெரிகிறது.

சின்னப் பட்டறை இயந்திரங்களில் 4 அங்குல வாய் வழக்கமாகிவிட்டது. சீவலை இழுக்க அது போதும். வட்ட ரம்பத்தின் பல்லிலிருந்து தெறிக்கிற நுண்தூளை, அது தொழிலாளியின் முகத்துக்குப் போகும் முன்னே பிடிக்கப் போதாது. 6 அங்குலக் குழாயில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 22 கன மீட்டர் போகும், இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, கேட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் யாருடைய காலத்துப் பட்டறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறோம். ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் 6 அங்குலம் என்று நண்பரிடம் சொன்னேன். இயந்திரத்தின் வாயையும் அறுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். விசிறிக்கு அந்த அளவு தெம்பு வேண்டும் என்பதும் உண்மை. இல்லாவிட்டால் பெரிய குழாயில் சீவல் படுத்துவிடும்.

பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பதில் விலையைவிட அந்தத் தகடு ஓடும் பள்ளம்தான் விஷயம். மலிவான பிளாஸ்டிக் கேட்டுகளில் பள்ளத்தின் கோடி மூடியிருக்கும். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் கொஞ்சம் தூள் அந்த மூலையில் இடிபட்டு இறுகும். சில மாதத்தில் தகடு முழுசாக மூடாது. வளைந்த முனையுள்ள தகடு 4 அங்குலக் கேட்டில் 3 மில்லிமீட்டர் குறைவாக நின்றாலே குழாய்ப் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதம் திறந்து கிடக்கும். பத்து கேட் என்றால் 40 சதவீதம். கிட்டத்தட்ட அரை இயந்திரத்தின் காற்று ஒன்றுக்கும் உதவாமல் கசிகிறது. பள்ளத்தின் முனை திறந்திருந்து, தகடே தூளை வெளியே தள்ளிவிடுகிற வகை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பட்டறையிலேயே பிளைவுட்டில் செய்துகொண்டாலும் இதே விதிதான். நன்றாகச் செய்த பிளைவுட் கேட்டை மோசமான அலுமினியத்தைவிட நான் நம்புவேன்.

மோட்டார் கேட்டுகளை ஆடம்பரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை இயந்திரம் மாறுகிறவர் நாற்பது தடவையும் நடந்துபோய்த் தகட்டை இழுப்பாரா? மாட்டார். எல்லாவற்றையும் திறந்தே விட்டுவிடுவார். மோட்டாருக்குக் காசு இல்லையென்றால் கேட்டைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஏணி போட்டு ஏறும் இடத்தில் இருக்கிற கேட் இல்லாத கேட்.

உப்புத்தாள் இயந்திரத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே சீவலே கிடையாது, எல்லாம் ஹை விக்கம்ப் தூள். இயந்திரத்தை நிறுத்தியதும் கேட்டை மூடுகிற பழக்கம் கைக்கு வந்துவிடும். அங்கே அதைச் செய்ய வேண்டாம், சக்கரம் நின்ற பிறகும் சில நிமிடம் திறந்தே இருக்கட்டும் என்று எழுதி அந்தக் குழாயிலேயே ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.