பைன் பாம்பு வளர்ப்பின் கதை

வட அமெரிக்காவின் நஞ்சில்லாத பெரிய பாம்புகளில் பைன் பாம்பும், 'புல் ஸ்நேக்' எனப்படும் காளைப்பாம்பும் முக்கியமானவை. இரண்டும் பிட்யூஃபிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பைன் பாம்பு அமெரிக்காவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பைன் காடுகளின் மணல் தரையில் வாழ்கிறது. காளைப்பாம்பின் இடம் கனடாவின் தென்விளிம்பு முதல் மெக்சிகோ வரை விரியும் புல்வெளி. அது ஆறடியைத் தாண்டி வளரும்.

இவற்றைப் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று தாவரவியலர் வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியிட்ட பயண நூலில் இருக்கிறது. அவர் மனத்தில் நின்றது பைன் பாம்பின் உரத்த சீறல். சீண்டினால் இப்பாம்பு தலையைத் தூக்கி, உடலை உப்பவைத்து, வாலை நடுக்கிச் சீறும்; சருகில் வால் படபடக்கும்போது கிலுகிலுப்பைப் பாம்பு என்றே தோன்றும். பாய்ந்து முட்டும்போது பல நேரம் வாயைக்கூடத் திறப்பதில்லை. இத்தனை ஓசை எங்கிருந்து வருகிறது என்பது 1995இல்தான் தெளிவாயிற்று. குரல்வளைக்குள் மெல்லிய தடுப்பு ஒன்று மூச்சுக்காற்றில் அதிர்கிறது. பாம்பினத்தில் குரல்நாண் போன்ற உறுப்பு விவரிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

பெரிய உடல், உரத்த சீறல், நஞ்சின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து காளைப்பாம்பைத் திருவிழாக் கொட்டகைகளுக்கும் சர்க்கஸுக்கும் ஏற்றதாக்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் ஒரு வணிகர் தம் பெயரையே 'ஸ்நேக் கிங்' என்று மாற்றிக்கொண்டு பாம்பு வியாபாரம் நடத்தினார். வளர்ப்பு என்று சொல்லத்தக்க எதுவும் அந்தக் காட்சித் தொழிலில் இல்லை. செத்த பாம்பின் இடத்துக்குக் காட்டிலிருந்து இன்னொன்று வந்தது.

உழவர்களுக்கோ அது வேறு வகையில் வேண்டியிருந்தது. கான்சாஸில் ஹிசா, கிளாய்டு என்ற இரு ஆய்வாளர்கள் பயிரழிக்கும் கொறிணிகளின் எதிரியாகக் காளைப்பாம்பை ஆராய்ந்து 1926இல் கட்டுரை எழுதினார்கள். நிலத்தடியில் வளை தோண்டி வாழும் கோஃபர் எலியைத் தேடி, இந்தப் பாம்பு மண்மேட்டை மூக்கால் குடைந்து உள்ளே புகும். சுற்றி நெரிக்க இடமில்லாத குறுகிய வளையில் இரையைச் சுவரோடு அழுத்தியே கொல்லும்.

பொழுதுபோக்காகப் பாம்பு வளர்ப்போருக்கு வழிகாட்டியவர்களில் ஸ்டேட்டன் தீவு விலங்குக்காட்சியகத்தின் கார்ல் காஃப்பெல்டு முதன்மையானவர். அவருடைய 1957ஆம் ஆண்டு நூல் பாம்பு தேடிப் போவதைப் பற்றியது. அதைப் படித்த இளைஞர்கள் அவர் சொன்ன இடங்களுக்கே பையோடும் கொக்கிக்கோலோடும் கிளம்பினார்கள். 1969இல் வந்த அடுத்த நூல் கூண்டுக்குள் இருக்கும் பாம்பைப் பேணுவதில் கருத்தூன்றியது. அதே 1969இல் காட்டுயிர்க் கடத்தலுக்கு எதிரான லேசி சட்டம் ஊர்வனவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது.

பிடிப்பது எவ்வளவு கேடாக முடியும் என்பதை நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காடு காட்டியது. முட்டையிட வளையைத் தானே தோண்டும் பாம்புகள் மிகச் சிலவே. பைன் பாம்பு அவற்றில் ஒன்று. ஜூன் கடைசியில் பெண் பாம்பு வெயில் விழும் மணற்பரப்பைத் தேர்ந்தெடுத்து, தலையால் தோண்டி, கழுத்தை வளைத்து அதில் மணலை அள்ளி வெளியே கொண்டுவந்து கொட்டும். இப்படியே சில நாள் உழைத்தால் மூன்று நான்கு அடிக்கும் மேல் நீளும் சுரங்கமும் அதன் முடிவில் முட்டை அறையும் உருவாகும். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதும், ஒரே வளையில் பல பாம்புகள் முட்டையிடுவதும் உண்டு. வாசலில் குவிந்த புது மணலே திருடனுக்கு அடையாளம் காட்டியது. முட்டைகளை மொத்தமாக எடுத்துச்சென்றார்கள். 1979இல் அம்மாநிலம் பைன் பாம்பை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

கூண்டில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் கைவந்த பிறகே காட்டைச் சுரண்டாமல் பாம்பு வளர்க்க வழி பிறந்தது. குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் இரை நிறுத்தி, பாம்பைக் குளிர்ந்த இருட்டறையில் வைப்பதுதான் அதன் அடிப்படை. வசந்தத்தில் வெப்பம் கூட்டினால் இணை சேரும். ஈரமான வெர்மிகுலைட் கனிமத் துகளில் புதைத்து, சுமார் 28 டிகிரி செல்சியஸில் வைத்த முட்டைகள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். வெப்பநிலை குறைந்தால் குஞ்சின் நடத்தையே மாறிப்போகிறது என்று ஆய்வாளர் ஜோவன்னா பர்கர் நியூ ஜெர்சிப் பாம்புகளைக் கொண்டு நிறுவினார். குஞ்சு பெரிதாகவே பிறப்பதால் தொடக்கத்திலிருந்தே எலிக்குட்டியை விழுங்கும். புதிதாக வளர்ப்போருக்கு இது பெரிய வசதி.

பின்னர் நிறம் முன்னுக்கு வந்தது. வெளிறிய பாம்பின் மரபுக்கூற்றைச் சோளப்பாம்பில் 1960களின் தொடக்கத்திலேயே பெக்டெல் தம்பதியர் விளக்கியிருந்தார்கள். அதே முறையில் வெள்ளைக் காளைப்பாம்பும், கருமை குன்றிய 'ஸ்டில்வாட்டர்' வகையும் பெருக்கப்பட்டன. டெக்சாஸின் கிங்ஸ்வில் வட்டாரச் சிவப்புக் காளைப்பாம்பு நிறத்தோடு ஊர்ப்பெயரையும் காத்துக்கொண்டது. தாய் தந்தை எந்த மண்ணைச் சேர்ந்தவை என்று எழுதிவைத்துப் பெருக்கும் வளர்ப்பாளரின் பணியே மதிப்பு மிக்கது. கலந்து பெருக்கிய வம்சம் எந்தக் காட்டுக்கும் திரும்பத் தகுதியற்றது.

அந்தத் தகுதி எவ்வளவு அரியது என்பதற்கு லூசியானா பைன் பாம்பு சான்று. ஆய்வாளர் ஆலிவ் ஸ்டல் 1929இல் விவரித்த இது லூசியானாவிலும் கிழக்கு டெக்சாஸிலும் மட்டுமே உண்டு. இதன் வாழிடமான, நீண்ட இலை கொண்ட நெடிலை பைன் காடுகள் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தன. வெட்டி அழிக்கப்பட்டு, மிகச் சிறு பங்கே எஞ்சிய நிலையில் பாம்பும் அருகியது. ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைதான். ஆனால் வட அமெரிக்கப் பாம்பு முட்டைகளிலேயே பெரியவை அவை. மெம்ஃபிஸ், ஃபோர்ட் வொர்த் முதலிய விலங்குக்காட்சியகங்கள் இதைப் பெருக்கி, 2010 முதல் லூசியானாவின் கிசாச்சி தேசியக் காட்டில் விடுகின்றன. 2018இல் கூட்டாட்சி அரசின் பாதுகாப்புப் பட்டியலிலும் இது சேர்ந்தது. விடுமிடத்தில் காட்டுத்துறை அவ்வப்போது தரைத்தீ மூட்டுகிறது. புதர் எரிந்த இடத்தில் புல் வளர்கிறது, புல்லின் வேரைத் தின்ன கோஃபர் வருகிறது. அதன் வளையே பாம்புக்கு இரைக்களமும் குளிர்கால உறைவிடமும் ஆகிறது.