துருவுக்கு முந்திய காவல்

1867-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, இரும்புவலை பொதிந்த சிமெண்டுத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். கான்கிரீட்டின் காரத்தன்மை இரும்பின்மேல் மெல்லிய காப்புப்படலத்தைத் தோற்றுவிக்கிறது. கடலுப்பு உட்புகின் அப்படலம் அழியும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். வெடிப்பு நம் கண்ணிற் படும்போது உள்ளே கம்பி மெலிந்திருக்கும்.

1970-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கால்சியம் நைட்ரைட்டு என்னும் அரிமானத் தடுப்பானைக் கலவையிலேயே சேர்க்கலாயினர். அது சிதையும் படலத்தைப் புதுப்பிக்கிறது. ஆயின் உப்பின் அளவுக்கு ஈடாக அது இல்லையேல் காவல் நில்லாது. வள்ளல் அழகப்பரின் கொடையால் 1948-இல் கால்கொண்டு, 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமும் இத்துறையில் ஆராய்ந்துள்ளது.

அன்பர்களே, கடலோரத்தில் வீடு கட்டுவோர் நினைவிற் கொள்க: கம்பியைக் காக்கும் நாள் கலவை குழைக்கும் நாளே. வெடித்தபின் பூசும் சாந்து கண்ணை மட்டுமே ஏமாற்றும்.