பித்தம்: ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள்

பித்தத்துக்கு நோர்வேஜிய மொழியில் 'கல்லெ' என்று பெயர். அகராதிப்படி அது சரி. ஆனால் ஒஸ்லோவில் எங்கள் முதியவர்கள் வைத்தியரிடம் "பித்தம் கூடிப்போச்சு" என்னும்போது, ஈரலில் சுரந்து பித்தப்பையில் சேரும் நீரை நினைத்துச் சொல்வதில்லை. தலைச்சுற்று, வாய்க்கசப்பு, குமட்டல், உடற்சூடு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

சித்த மருத்துவம் உடலை வாதம், பித்தம், ஐயம் என்ற மூன்றால் விளக்குகிறது. அங்கே பித்தம் வெறும் நீரல்ல. சூட்டையும் செரிமானத்தையும் ஆளும் இயல்பு. அது மிஞ்சினால் மனமும் கலங்கும் என்பது பழைய எண்ணம். பித்து, பித்தன் என்ற சொற்கள் அதைத்தான் காட்டுகின்றன.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மேலை மருத்துவம் இப்படித் தமிழ் பேசத் தொடங்கியபோது பழைய சொற்கள் பல புதிய பொருளையும் சுமந்தன. இன்று பித்தப்பை, பித்தநீர், பித்தக்கல் எல்லாம் நவீன ஆஸ்பத்திரிச் சொற்கள். பித்தம் மட்டும் பழைய பொருளையும் விடாமல் இரண்டு பக்கமும் நிற்கிறது.

இது எங்களுக்கு மட்டும் உரிய விசித்திரமல்ல. நோர்வேஜியரும் சொல்லும் 'மெலன்கொலி' கிரேக்கத்தில் கறுப்புப் பித்தம். முன்கோபியைக் குறிக்கும் 'கொலேரிஸ்க்' என்ற சொல்லும் பித்தத்திலிருந்தே வந்தது. ஒருவரைத் திட்டித் தீர்ப்பதை நஞ்சும் பித்தமும் கக்குவதாக இன்றும் சொல்கிறார்கள். ஆனால் வைத்தியரின் அறைக்குள் 'கல்லெ' என்பது அந்த நீர் மட்டுமே.

என் தலைமுறையில் பலரைப்போல நானும் சிறுவயதில் வீட்டாருக்காக வைத்தியர் முன் மொழிபெயர்த்தவன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, அரச அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம். என்றாலும் வளர்ந்த பின்னும் அம்மா அப்பாவோடு துணைக்குப் போகிறோம்.

அப்போது "பித்தம்" என்ற சொல் வந்தால் உடனே 'கல்லெ' ஆக்கவேண்டாம். இரண்டு பொருள் உண்டென்று வைத்தியரிடம் சொல்லி, "தலை சுத்துதா? சத்தி வாற மாதிரி இருக்கா? எப்ப தொடக்கம்?" என்று அவரையே கேட்க வைக்கலாம். முதியவரின் தலைச்சுற்றுக்கு இரத்த அழுத்தமோ இதயமோ காரணமாக இருக்கலாம். பித்தப்பையை மட்டும் ஸ்கேன் பண்ணினால் அது தெரியவராது.